கோமாளித்தனம், கோணங்கித்தனம்: பொருள் என்ன, எங்கிருந்து வந்தன?

#1 சொற்பட்டியல் (பீஷான்)

சிங்கப்பூரில் ஏப்ரலில் வரும் தமிழ்மொழி மாதத்துக்கு உயர்நிலை 1, 2 மாணவர்கள் 12 நிமிட நாடகம் போடுகிறார்கள். கதையில் ஒரு கோமாளி உண்டு. நாடகத்தோடு கொடுக்கும் சொற்பட்டியலின் வரைவில் இப்படி இருக்கிறது:

கோமாளித்தனம்: முட்டாள்தனம்.
கோமாளி: கோ + மாளி. அரசனைச் சிரிக்கவைத்தே மாளவைப்பவன்.
கோணங்கித்தனம்: மேலே உள்ளதே.

மூன்றுமே உறுத்துகின்றன. அச்சுக்குப் போவதற்குள் திருத்த வேண்டும். பொருள், பிறப்பு, இன்றைய வழக்கு மூன்றையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வேர்தேடி (அங் மோ கியோ)

முதலில் அந்த 'மாளவைப்பவன்' வரியை எடுத்துவிடுங்கள். கேட்க ருசியாக இருக்கிறது, ஆனால் இலக்கணம் இடம் கொடுக்காது. மாள் என்பது தன்வினை. மாண்டான் என்றால் அவனே செத்தான். அதில் இகரம் சேர்த்தால் மாள்கிறவன் என்றுதான் பொருள் வரும், இன்னொருவரை மாளவைக்கிறவன் என்று வராது. கோ + மாளி என்று பிரித்தால் செத்துப்போகிற ராஜாதான் கிடைப்பார்.

இன்னொரு பிரிப்பும் சுற்றிக்கொண்டிருக்கிறது: கோமான் + ஆளி. அதில் னகரம் எங்கே போனது என்று யாரும் சொல்வதில்லை. கோமானுக்குப் பெண்பால் கோமாட்டி, பெருமானுக்குப் பெருமாட்டி போல. அரசி, தலைவி என்று பொருள். கோமாட்டியைக் கோமாளியின் பெண்பால் என்று யாராவது பட்டியலில் சேர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் வேறு குடும்பம். கோமாளி இருபாலுக்கும் பொது: கோமாளி வந்தான், கோமாளி வந்தாள்.

இனி ஒழுங்காகத் தேடுவோம். முதல் வேலை விகுதியைக் கழற்றுவது. உழைப்பாளி, நோயாளி, பங்காளி எல்லாவற்றிலும் ஆளியைக் கழற்றினால் உழைப்பு, நோய், பங்கு என்று உயிருள்ள சொல் கையில் நிற்கும். கோமாளியில் கழற்றினால் 'கோம்' மிஞ்சும். தமிழில் அது தனியாக எதையும் குறிப்பதில்லை. ஆக ஆளி இங்கே விகுதியாக வந்து ஒட்டியதல்ல, சொல்லின் உடம்பிலேயே இருப்பது.

அடுத்தது, அதே உடம்புள்ள வேறு சொல் உண்டா என்று பார்ப்பது. பழைய அகராதிகளில் கோமாளம் என்ற சொல் இருக்கிறது. கன்றுக்குட்டி துள்ளுவதுபோலக் குதித்துக் களிப்பது. இன்று நாம் சொல்லும் கும்மாளம்தான். கூத்தும் கும்மாளமும் என்று சேர்த்தே சொல்கிறோம் இல்லையா? தாராளம் உடையவன் தாராளி. அதே வாய்பாட்டில் கோமாளம் போடுகிறவன் கோமாளி.

மூன்றாவது, பக்கத்து மொழி. மலையாளத்திலும் கோமாளிதான். நம் கோமாளித்தனத்துக்கு அவர்கள் கோமாளித்தரம் என்பார்கள். கடலும் கப்பலும் கொண்டுவந்த சொல் அல்ல, வீட்டுச் சொல்.

ஆகவே வேரில் இருப்பது துள்ளல். அறிவுக்குறைவு அந்த வேரில் இல்லவே இல்லை. 'முட்டாள்தனம்' என்ற விளக்கம் தவறு என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

#3 ஈசூன் வாசகர்

அகராதி பார்க்கத் தெரியாத மாணவர்களுக்கு எந்த வரிசையில் பார்க்கச் சொல்லலாம்?

#4 வேர்தேடி (அங் மோ கியோ)

இன்றைய பொருளுக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதற்பதிப்பு 1992, பிறகு விரிவாக்கிய பதிப்புகள் வந்தன. பழைய பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது, இணையத்தில் இலவசம். அதற்கு முந்திய நிலைக்கு வின்சுலோ, 1862. இனமொழிச் சொற்களுக்குப் பரோ, எமனோ இருவரும் செய்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984 பதிப்பு.

கீழிருந்து மேலே ஏறாமல் இந்த வரிசையிலேயே போகச் சொல்லுங்கள். மாணவர்கள் நேராக வேர்ச்சொல் அகராதியைத் திறந்து, ஒலி ஒத்த சொல்லைக் கண்டதும் கதை கட்டத் தொடங்கிவிடுவார்கள். பொருள் தெரியாமல் வேர் தேடினால் எந்த வேரும் பொருந்துவது போலத் தெரியும்.

#5 முகவீணை (தோ பாயோ)

கோணங்கிக்கு நான் வருகிறேன். கோமாளியும் கோணங்கியும் ஒன்று என்று எழுதுவது பெரிய இழப்பு. கோண் என்றால் வளைவு. கோணல், கோணுதல், முகம் கோணுதல் எல்லாம் அங்கிருந்து வருபவை. கோணங்கி என்ற சொல்லைக் கேட்டதுமே உடம்பு தெரிகிறது: வாயை ஒரு பக்கம் இழுத்து, ஒரு தோளைத் தூக்கி, முழங்காலை உள்ளே மடக்கி நடக்கிற உருவம். கோணல் + அங்கம் என்று பிரித்தால் நேராகப் பொருந்துகிறது.

இன்னொரு பொருளும் உண்டு. விடியுமுன் குடுகுடுப்பையை ஆட்டிக்கொண்டு தெருவில் குறி சொல்லி வருகிறவருக்கும் கோணங்கி என்று பெயர். பாரதியின் 'புதிய கோணங்கி' பாட்டில் வருவது இந்தக் கோணங்கிதான். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அங்கே கோமாளியைத் தேடினால் பாட்டே புரியாது.

#6 கடற்கரைச்சாலை (பிடோக்)

முகவீணை, பிரிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. கன்னடத்தில் கோமாளிக்குக் கோடங்கி என்று பெயர். கர்நாடகக் கூத்தான யட்சகானத்தில் ஆரம்ப ஆட்டத்துக்கு வருகிற இளைய ஆட்டக்காரர்களையும் கோடங்கி என்பார்கள். கன்னடத்தில் கோடக என்றால் குரங்கு, தமிழிலும் கோடரம் குரங்கைக் குறிக்கும். நாமும் குரங்குச் சேட்டை என்றுதான் சொல்கிறோம். அங்கம் என்ற வடசொல்லைக் கொண்டுவந்து ஒட்டுவதைவிடக் குரங்கு வழி இயல்பாக இருக்கிறது.

#7 முகவீணை (தோ பாயோ)

கோடங்கியை எடுத்து வைத்ததற்கு நன்றி. அங்கத்தை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் குரங்குக்குப் போகத் தேவையில்லை. தமிழில் கோடுதல் என்றாலும் வளைதல்தான், செங்கோல் கோடியது என்கிறோமே. கோடு, கோண் இரண்டும் ஒரே குடும்பம். தென்மாவட்டங்களில் உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவரைக் கோடங்கி என்பதையும் பாருங்கள். அங்கே டகரம், இங்கே ணகரம். குறி சொல்கிறவர், கூத்தில் சிரிக்கவைக்கிறவர் என்ற இரண்டு பொருளும் இந்த இரண்டு வடிவத்திலும் மாறி மாறி வருகின்றன. நடுவில் நிற்பது வளைவு என்பது என் முடிவு.

#8 கடற்கரைச்சாலை (பிடோக்)

வளைவுவரை ஒத்துக்கொள்கிறேன். மாணவர் பட்டியலில் 'கோணல் என்ற சொல்லோடு உறவுடையது' என்பதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் பிரித்துக் காட்ட வேண்டாம்.

#9 அரங்கொலி (சிராங்கூன்)

'பபூன்' பற்றி யாரும் பேசவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட்டுக்கு முன்னால் மேடைக்கு வருகிறவர் பபூன். பாட்டும் தனிப்பேச்சுமாக இரவைத் திறந்துவைப்பார், பிறகு டான்ஸ்காரரோடு சேர்ந்து ஆடுவார், அதற்கப்புறம்தான் கதை.

சொல் ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு கொடுத்தது, பிரெஞ்சுக்கு இத்தாலி கொடுத்தது. இத்தாலியில் அடிப்பொருள் ஊதுவது. கன்னத்தை உப்பவைத்துப் 'புஃப்' என்று காற்றை விட்டுச் சிரிக்கவைக்கிற வித்தை. நம் கோணங்கி உடம்பை வளைத்தார், அவர்கள் கன்னத்தை ஊதினார்கள். ஃபகரம் தமிழில் பகரமானதால் பபூன்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் வாழும் நாய்முகக் குரங்கையும் தமிழில் பபூன் என்றே எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு சொல், வேறு எழுத்து. தமிழில் ஒன்றாகிவிட்டன. மாணவர் கட்டுரையில் 'பபூன் என்ற குரங்கின் சேட்டையால் இந்தப் பெயர் வந்தது' என்று எழுதினால் அது பிழை.

#10 ஈசூன் வாசகர்

விதூஷகன், விகடகவி?

#11 வேர்தேடி (அங் மோ கியோ)

இரண்டும் வடமொழி. விதூஷகனில் இருப்பது தூஷித்தல், குறைசொல்லிக் கெடுத்துப் பேசுதல். விகடம் வடமொழியில் பயங்கரமான, அவலட்சணமான உருவத்தைக் குறிக்கும். தமிழுக்கு வந்த பிறகு அது சிரிப்புப் பேச்சாக இனிமைப்பட்டுவிட்டது. விகடகவி திருப்பிப் படித்தாலும் விகடகவி, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

தமிழின் பழைய சொல் வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்துக்குப் போங்கள். இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துத் தெருக்களைச் சொல்லும்போது கூத்தியர், இசைக்கருவி வாசிப்பவர்களோடு நகைவேழம்பருக்கும் இருப்பிடம் சொல்கிறார் இளங்கோ. சிரிக்கவைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு நகரத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இந்தச் சொல்லைக் கட்டாயம் சேருங்கள். பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

#12 நகைநான்கு (பொங்கோல்)

முட்டாள்தனம் என்ற விளக்கம் ஏன் வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நகை நான்கிலிருந்து பிறக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கடைசி இரண்டும் அறியாமை பக்கம். கோமாளி மேடையில் காட்டுவது இந்த இரண்டையும்தான். பார்க்கிறவர்கள் அவன் காட்டுவதை அவனுடைய குணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

மடன் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் அதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். கூத்தில் பாருங்கள். ராஜா, "வாசலில் ஒரு கண் இருக்கட்டும்" என்பார். ராஜாவின் வரவை அறிவிக்கிற கட்டியங்காரன் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். மற்றக் கண்ணை இங்கேயே விட்டுவந்ததாக அவன் நினைப்பு. ராஜா கூப்பிடக் கூப்பிடத் திரும்ப மாட்டான், "கேட்கிற காது அங்கே இருக்கிறது, ஐயா" என்பான். சொன்ன சொல்லைச் சொன்னபடியே பிடித்துக்கொண்டான், அதுதான் மடன். இதைச் செய்ய ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூர்மை வேண்டும்! ராஜாவின் வாக்கியத்தில் எந்தச் சொல்லைப் பிடிப்பது என்று அரை நொடியில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருக்குறளிலும் பேதைமைக்கு ஓர் அதிகாரம் உண்டு, 84. அங்கே பேதை கேட்டை வைத்துக்கொண்டு ஊதியத்தை விட்டுவிடுகிறவன். அவன் உண்மையாகவே இழக்கிறான். கோமாளி இழப்பதுபோல நடிக்கிறான், கூட்டம் முழுவதும் அவன் கையில் இருக்கிறது. முட்டாள்தனம் இருப்பது, கோமாளித்தனம் செய்வது. பட்டியலுக்கு இந்த ஒரு வேறுபாடு போதும்.

#13 சொற்பட்டியல் (பீஷான்)

கட்டியங்காரனும் கோமாளியும் ஒன்றுதானா? எங்கள் நாடகத்தில் அவன்தான் அரசனை அறிமுகம் செய்கிறான்.

#14 முகவீணை (தோ பாயோ)

அப்படியென்றால் அவன் கட்டியங்காரன். கட்டியம் என்பது அரசனின் விருதுகளையும் பெயர்களையும் உரக்கச் சொல்வது. அதைச் சொல்கிறவன் கட்டியங்காரன். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் வட்டாரத் தெருக்கூத்தில் இவன்தான் முதலில் வருவான், விடியும்வரை இருப்பான். அறிவிப்பவன், வேலைக்காரன், தூதன், ஊர்க்காரன் எல்லாம் அவனே. அரசர்கள் பாட்டிலும் விருத்தத்திலும் பேசும்போது இவன் மட்டும் நம் வீட்டுப் பேச்சில் பேசுவான். கோமாளித்தனம் அவன் வேலைகளில் ஒன்று.

தோற்பாவைக்கூத்தில் இதே வேலையை உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்வார்கள். இராமாயணம் நடந்துகொண்டிருக்கும், இவர்கள் இருவரும் நடுவில் வந்து ஊர்வம்பு பேசுவார்கள்.

12 நிமிடத்துக்கு நான் சொல்லும் அளவு இது. திரைவரவு ஒன்று போதும். இரண்டு மாணவர்கள் திரை பிடிக்கட்டும், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் உள்ள கனமான துணி. அரசன் திரைக்குப் பின்னால் பாடட்டும். கட்டியங்காரன் முன்னால் நின்று மூன்று கேள்வி கேட்கட்டும்: யார், எந்த ஊர், என்ன காரியம். மூன்றாவது பதிலில் திரை விலகட்டும். மொத்தம் ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

வழக்கமாகக் கெடுவது இரண்டு இடத்தில். அரசன் பாடும்போதே கோமாளி சேட்டை செய்தால் கூட்டம் அவனைப் பார்க்கும், பாட்டு போய்விடும். பாட்டின்போது அவன் அசையாமல் கேட்க வேண்டும், அடி முடிந்த தாளத்தில்தான் அசைய வேண்டும். இரண்டாவது, மாணவர்கள் குரலையும் முகத்தையும் நடையையும் ஒன்றாகக் கோணவைப்பார்கள். மூன்றும் சேர்ந்தால் வார்த்தை காதில் விழாது. ஒரு வரிக்கு ஒன்றுதான். நடை கோணினால் குரல் நேராக இருக்கட்டும்.

#15 கடற்கரைச்சாலை (பிடோக்)

ஒரு சிறு சேர்க்கை. கோயில் விழாக்களில் இங்கே சீனக் கூத்து மேடை போடும்போது மாணவர்களைக் கூட்டிப் போங்கள். மூக்கைச் சுற்றி வெள்ளைத் திட்டோடு வருகிறவர்தான் அவர்களுடைய கோமாளி, மாண்டரினில் 'சோவ்'. மலேசியாவின் கிளந்தான் நிழற்பாவைக்கூத்தில் பாக் டோகோலும் வாக் லோங்கும். ஜாவாவில் செமார், வேலைக்காரன் உருவில் இருக்கும் தெய்வம். எல்லாருமே பெரியவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஊர்ப்பேச்சு பேசுகிறவர்கள். நம் கட்டியங்காரனை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட எளிய வழி இல்லை.

#16 அரங்கொலி (சிராங்கூன்)

வழக்குக்கு ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு பையன் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தாத்தாவைப்போல நடக்கிறான்.

வீட்டில் எல்லாரையும் சிரிக்கவைக்க நடந்தால் கோமாளித்தனம். குடம் இல்லாமல் முகத்தையும் இடுப்பையும் வளைத்தே சிரிக்கவைத்தால் கோணங்கித்தனம். தூங்குகிற தாத்தாவின் காதருகே குடத்தைத் தட்டினால் சேட்டை. சேஷ்டை என்ற வடசொல்லுக்கு வெறும் அசைவு என்றுதான் பொருள், தமிழில் அது தொல்லை தரும் குறும்பாகிவிட்டது. குடத்தில் தண்ணீர் இருப்பதைப் பார்க்காமல் கவிழ்த்துக்கொண்டால் அசட்டுத்தனம். குடம் கழற்ற வராமல் போய், அதை இழுக்க நான்கு பேர், யோசனை சொல்ல பத்துப் பேர் என்றால் கேலிக்கூத்து. கேலிக்கூத்து ஆளைக் குறிக்காது, நிலைமையைக் குறிக்கும். 'அவன் ஒரு கேலிக்கூத்து' என்று எழுதக்கூடாது.

'கோமாளித்தனமான முடிவு' என்று செய்தியில் எழுதுவது இப்போது பெருகிவிட்டது. அங்கே சிரிக்கவைக்கும் நோக்கம் யாருக்கும் இல்லை. பொறுப்பில்லாத முடிவு, அபத்தமான முடிவு என்று எழுதினால் தெளிவாக இருக்கும். ஒரு தொழிலின் பெயரை வசவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

#17 நகைநான்கு (பொங்கோல்)

அதோடு இதையும் எழுதுங்கள். கோணங்கியில் கோணல் இருப்பதால், உடற்குறை உள்ள ஒருவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வது புண்படுத்தும். வேண்டுமென்றே வளைத்துக் காட்டுகிறவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

#18 ஈசூன் வாசகர்

எழுத்துப்பிழைகள்: கோமாலி, கோமாழி, கோனங்கி. மூன்றும் தொடர்ந்து வருகின்றன.

#19 வேர்தேடி (அங் மோ கியோ)

கும்மாளத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் ளகரம் தங்கும். கோணலோடு சேர்த்தால் ணகரம் தங்கும். வேர் சொல்லிக்கொடுப்பதன் கைமேல் பலன் இது.

ஒற்றையும் கவனியுங்கள்: கோமாளித்தனம், கோணங்கித்தனம் இரண்டிலும் த் மிகும். 'கோமாளிதனம்' தவறு. முட்டாள்தனத்தில் மிகாது. பழைய புணர்ச்சியில் அது முட்டாட்டனம் ஆகும், இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை.

#20 சொற்பட்டியல் (பீஷான்)

எல்லாருக்கும் நன்றி. திருத்திய வரைவு:

கோமாளி (இருபாலுக்கும் பொது): குதித்தும் ஆடியும் பேசியும் பிறரைச் சிரிக்கவைப்பவர். கும்மாளம் என்ற பொருளுள்ள 'கோமாளம்' என்பதோடு உறவுடைய சொல்.
கோமாளித்தனம்: சிரிக்கவைக்க வேண்டுமென்றே செய்யும் விளையாட்டுச் செயல்.
கோணங்கித்தனம்: முகத்தையும் உடம்பையும் வளைத்துக் காட்டிச் சிரிக்கவைப்பது. கோணல் என்ற சொல்லோடு உறவுடையது.
கட்டியங்காரன்: கூத்தில் அரசனின் வரவை அறிவித்து, இடையிடையே சிரிக்கவைப்பவன்.
நகைவேழம்பர்: சிரிக்கவைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள், சிலப்பதிகாரச் சொல்.

நாடகத்தில் பாத்திரத்தின் பெயரைக் கட்டியங்காரன் என்று மாற்றியாகிவிட்டது.

#21 முகவீணை (தோ பாயோ)

கோணங்கியைத் தனிப்பதிவாக வைத்து, குடுகுடுப்பையோடு குறி சொல்பவர் என்பதை இரண்டாம் பொருளாகப் போடுங்கள். பாரதி பாட்டைப் பிறகு படிக்கும்போது பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள். திரை பிடிக்கிற இரண்டு மாணவர்களின் பெயரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கட்டும்.